கப்பல் பிடித்த காசு

அத்தியாயம் பதினொன்று

முன்கதை தெரியாமல் இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டுக்குப் பிந்தி வருபவர்களுக்கும் சோறு போடத்தானே வேண்டும்!

மாத்தளை டவுனில் மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் வாங்கி விற்கும் புஹாரிக்கு ஒரே தங்கை மஸீனா. அவளுடைய கணவர் ஸக்கரியா, இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைக்குப் போய் வெள்ளைக்காரரின் கடற்படையில் சேர்ந்து, கப்பல் குசினியில் சமையல்காரராக இருந்தவர். யுத்தம் முடிந்து சேவையிலிருந்து விடுவித்தார்கள். ஆனால் ஆள் வீட்டுக்கு வரவில்லை. அவருடைய தகரப் பெட்டிதான் வந்தது. திருகோணமலையிலிருந்து யாரோ ஒருவர் அதைப் புஹாரியின் கடையில் இறக்கி, மீன் பிடிக்கப் போன தோணி கவிழ்ந்து ஸக்கரியா மௌத்தாகிவிட்டார், மையித்தும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

பள்ளியில் மையித்து இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடந்தது. மஸீனா வெள்ளை உடுத்து நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இத்தா இருந்தாள். அதற்குப் பிறகு நாலு வருஷமாக அண்ணன் வீட்டுப் பின்னறையில் தையல் மெஷினோடு காலம் தள்ளினாள்.

இன்று வியாழக்கிழமை. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அவளுக்கு மறுபடியும் நிக்காஹ். மாப்பிள்ளை யட்டவத்தையில் புடவைக் கடை வைத்திருக்கும் லாபிர். அவரும் மனைவியை இழந்தவர்.

மஸீனாவுக்கு லாபிரைப் பிடித்திருந்தது. பத்து வாரமாக இதை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன், கோபிக்க வேண்டாம். பெண் பார்க்க வந்த அன்று அவர் நகையைப் பற்றிக் கேட்கவில்லை, நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "தையல் மெஷினையும் கொண்டு வரச் சொல்லுங்க. வெளிச்சம் வார ஜன்னலுக்குப் பக்கத்துல இடம் ஒதுக்கி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க மஸீனா ஊசியை விரலில்தான் குத்திக்கொண்டிருந்தாள்.

இனி அந்தக் காசின் கதை.

மூன்று மாதத்துக்கு முன்பு பேப்பரில் ஓர் அறிவித்தல் வந்தது. யுத்தத்தில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் கடலில் சேவை செய்தவர்களுக்குப் பரிசுப் பணம் உண்டு. இறந்துபோனவர்களின் பங்குக்கு வாரிசுகள் விண்ணப்பிக்கலாம். அடுத்த வீட்டுச் சந்திரகாந்தா டீச்சர் அதைப் படித்துச் சொன்னபோது, புஹாரியின் மனைவி றஸ்மியா காதைப் பொத்திக்கொண்டாள்.

"பரிசா? குதிரைப் பந்தயக் காசு இந்த ஊட்டு வாசப்படி ஏறக் கூடா டீச்சர். ஹறாம்."

டீச்சருக்கு விளக்கம் சொல்வதென்றால் கரும்பு தின்கிற மாதிரி. குதிரையும் இல்லை, சீட்டும் இல்லை என்றாள். பாய்மரக் கப்பல் காலத்திலிருந்து வருகிற வழக்கமாம். சண்டையில் எதிரியின் கப்பலைப் பிடித்தால் துறைமுகத்துக்கு இழுத்து வந்து, கோட்டில் வழக்கு வைத்து, முறையாகப் பிடித்ததுதான் என்று தீர்ப்பு வாங்கி, கப்பலையும் சரக்கையும் விற்றுவிடுவார்கள். அது ராஜாவுக்குச் சேர வேண்டிய பணம். ராஜா அதைப் பிடித்தவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிடுவார். தலைவனுக்குப் பெரிய பங்கு, அடுப்படியில் நின்றவனுக்குச் சின்னப் பங்கு. ஒரே ஒரு கப்பலைப் பிடித்து மாளிகை கட்டிய கப்டன்மார்களும் அந்தக் காலத்தில் உண்டாம். இந்த யுத்தத்தில் பிடித்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து எல்லோருக்கும் பங்கு வைக்கிறார்கள். இதுதான் கடைசி, இனிமேல் கிடையாது என்று லண்டனில் சட்டமும் போட்டாகிவிட்டது.

"அப்ப கொள்ளையடிச்ச காசு" என்றாள் றஸ்மியா. பந்தயத்துக்கு அது பரவாயில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

மஸீனா சிரிக்கவில்லை. "பிடிபட்ட கப்பல்ல இருந்த ஆக்களுக்கும் ஊட்டுல பொஞ்சாதிமார் இருந்திருப்பாங்கதானே டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் பேப்பரை மடித்து வைத்தாள்.

அப்படிக் கேட்டவளே இரண்டு நாள் கழித்து டீச்சரிடம் போய் விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னாள். கூடிப்போனால் ஐம்பது ரூபாய் வரும். அந்தக் காசில் ஸக்கரியாவின் பெயரில் ஒரு குர்ஆன் கத்தம் ஓதி, பத்து ஏழைகளுக்குச் சோறு கொடுக்க வேண்டும். கடலோடு போனவருக்கு ஒரு கபுறுக் குழிகூட இல்லை. அவர் கடலில் உழைத்த காசாலேயே அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, பிறகுதான் இன்னொருவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது மஸீனாவின் ஆசை. அண்ணனிடம் சொன்னால் பழைய கதையைக் கிண்டாதே என்பார். அதனால் அவருக்கும் சொல்லவில்லை, மதினிக்கும் சொல்லவில்லை.

பதில்தான் வரவே இல்லை. கல்யாண நாளும் வந்துவிட்டது.

காலை ஒன்பதரைக்குத் தபால்காரர் அழகையா முற்றத்தில் சைக்கிளைச் சாத்தினார். உள்ளே, பலர் கூடி உட்கார்ந்து உண்ணும் சவன் தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வட்டலாப்பம் வெந்த வாசம் தெருவரைக்கும் போயிருந்தது.

"அக்கா, கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோட வரலீங்க. ஒங்க பேருக்கு ரெஜிஸ்டர் தபால் கொண்டாந்திருக்கேன். இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க."

அரசாங்க முத்திரை போட்ட நீள உறை. காசு வந்துவிட்டது என்றே மஸீனா நினைத்தாள். எவ்வளவு பொருத்தமான நாளில் வந்திருக்கிறது! அழகையாவுக்கு ஒரு கிண்ணம் வட்டலாப்பம் கொடுத்து அனுப்பிவிட்டு, பின்னறைக்கு ஓடினாள். அங்கே சந்திரகாந்தா டீச்சர் கல்யாணச் சாறிக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கடிதத்தை மனசுக்குள் படித்தாள். மறுபடியும் மனசுக்குள்ளேயே படித்தாள். ஸ்திரிக்கைப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"என்ன டீச்சர்? இல்ல எண்டுட்டாங்களா?"

"காசு குடுத்தாச்சாம், மஸீனா."

"ஆருக்கு?"

"ஸக்கரியாவுக்கு."

டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்து, இங்கிலீசைத் தமிழாக்கி மெதுவாகச் சொன்னாள். மேற்படி ஸக்கரியா, கப்பல் சமையல்காரர், தம்முடைய சேவைப் புத்தகத்தைக் காட்டி, நேரில் கையெழுத்திட்டு, இந்த மாதம் ஏழாந் தேதி உக்குவளைத் தபாற் கந்தோரில் தம்முடைய பங்கைப் பெற்றுக்கொண்டார். ஆகவே வாரிசு என்ற முறையில் நீங்கள் செய்த விண்ணப்பத்தை ஏற்பதற்கில்லை.

முதலில் வந்தது சந்தோஷம். அதை ஏன் மறைக்க வேண்டும்? உயிரோடு இருக்கிறார்! மஸீனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு ஏழாந் தேதி என்பது உறைத்தது. இன்று பதினேழு. உக்குவளை இங்கிருந்து நாலே நாலு மைல் கட்டை. பத்து நாளைக்கு முன்பு நாலு கட்டை தூரத்தில் நின்றவர் வீட்டுக்கு வரவில்லை.

அதற்கும் பிறகுதான் பயம் வந்தது. அஸருக்குப் பிறகு நிக்காஹ். கணவர் உயிரோடு இருக்கிறார், தலாக் சொல்லவில்லை, காழியார் பிரித்து வைக்கவும் இல்லை. அப்படியிருக்க அவள் இன்னொருவருக்குக் கழுத்தை நீட்ட முடியாது. நீட்டினால் அது கல்யாணம் இல்லை. அதற்கு வேறு பெயர்.

"பதறாதீங்க" என்றாள் டீச்சர். "வேற யாராச்சும் அவர் பேருல எடுத்திருக்கலாம். சேவைப் புத்தகம் அந்தப் பெட்டியில இருந்துச்சா?"

"இல்ல. உடுப்பும் தொழுகிற முசல்லாவும் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியும்தான் இருந்திச்சு. புத்தகம் கடல்ல போயிருக்கும் எண்டு புஹாரி நானா சொன்னாரு."

டீச்சர் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "பத்து மணி பஸ்ல உக்குவளைக்குப் போறேன். போஸ்ட் மாஸ்டரை எனக்குத் தெரியும், கேட்டா சொல்லுவாரு. நான் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க."

நல்ல புத்திமதிதான். ஆனால் மஸீனாவால் முடியவில்லை. மணி பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. டீச்சரைக் காணோம். யட்டவத்தையிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரின் பஸ் புறப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. றஸ்மியா இரண்டு தடவை வந்து, "என்ன புள்ள முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு? கலியாணப் பொண்ணு அழுறது சரிதான், அதுக்காக இப்பிடியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பொறுக்க முடியாமல், கடையிலிருந்து வந்த அண்ணனைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள்.

புஹாரிக்கு வயது நாற்பத்தைந்து. ஈர மிளகைக் காய்ந்தது என்று சொல்லி விற்காத மனிதர் என்று மாத்தளை முழுக்கப் பேர். வாப்பா இல்லாத வீட்டில் தங்கையை நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டிய பொறுப்பும் அவருடையதே.

"நானா, ஒரு கடிதம் வந்திருக்கு. நேவிக்காரங்க எழுதியிருக்காங்க."

"என்னவாம்?"

"அவர்ட பரிசுப் பங்குக் காசுக்கு நான் எழுதிப் போட்டிருந்தேன். அதைக் கையெழுத்துப் போட்டு எடுத்தாச்சாம். அவரே எடுத்திருக்காரு எண்டு எழுதியிருக்காங்க."

புஹாரி தொப்பியைக் கழற்றினார். உள்ளே இருந்த வியர்வையைத் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"கடிதம் எங்க?"

"டீச்சர்ட கையில இருக்கு. அவங்க வெளியில போயிருக்காங்க."

"அவவுக்கும் தெரியுமா?" புஹாரி எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரு புள்ள. அது நான் எடுத்த காசு."

"நீங்களா?"

"ஓ. நானும் பேப்பர்ல பார்த்தேன். சும்மா போற காசுதானே எண்டு அவன்ட பேருல கையெழுத்துப் போட்டு எடுத்தேன். ஒன்ட கலியாணச் செலவுக்குத்தான். பொய்க் கையெழுத்து எண்டு வெளியில தெரிஞ்சா எனக்கு விலங்கு மாட்டுவாங்க. வாயைத் தொறக்காத. சாறியைக் கட்டு."

மஸீனா நம்பத்தான் ஆசைப்பட்டாள். நம்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஸக்கரியா இறந்தவர்தான், லாபிர் வரப்போகிறவர்தான், ஜன்னலோரத்து வெளிச்சம் அவளுக்குத்தான். அண்ணன் பொய்க் கையெழுத்துப் போட்டது பாவம். ஆனால் அது காசோடு போகிற பாவம், திருப்பிக் கொடுத்துவிடலாம். உண்மையாகவே இருக்கட்டும் யா அல்லாஹ் என்று வேண்டிக்கொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"எந்தக் கந்தோர்ல எடுத்தீங்க நானா?"

"இங்கதான், மாத்தளையில. வேற எங்க போறது?"

மஸீனா தலையை ஆட்டினாள். புஹாரி அவளுடைய தலையில் கையை வைத்துவிட்டு வெளியே போனார். 

அண்ணன் அவளிடம் பொய் சொன்னதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. சின்ன வயதில் வாப்பாவின் பேனாவை உடைத்தபோதுகூட, அடி விழும் என்று தெரிந்தும் ஒப்புக்கொண்டவர். அப்படிப்பட்டவர் செய்யாத குற்றத்தைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறார். கல்யாணம் நிற்கக் கூடாது என்ற பதற்றம்தான் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டாள். ஆனால் வேறு ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது. அது என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

சந்திரகாந்தா டீச்சர் திரும்பி வந்தபோது மணி இரண்டே முக்கால். பஸ் வழியில் நின்றுவிட்டதாம், பாதித் தூரம் நடந்து வந்திருக்கிறாள். ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அவர்தான், மஸீனா."

"எப்பிடித் தெரியும்?"

"ரசீதுல வலது பக்கம் முத்திரை ஒட்டியிருக்கும். எல்லாரும் இடது பக்கத்துல தொடங்கி, முத்திரைக்கு மேல கொண்டுவந்து முடிப்பாங்க. இவர் முத்திரைக்கு மேல தொடங்கி இந்தப் பக்கமா எழுதிக்கிட்டு வந்தாராம். என்ன எழுத்துன்னே வெளங்கலியாம். மாஸ்டர் ஏசிட்டு, சந்தேகத்துக்குப் பெருவிரலையும் வைக்கச் சொல்லி வாங்கினாராம்."

மஸீனா கட்டிலில் உட்கார்ந்தாள். ஸக்கரியா குர்ஆன் ஓதப் பள்ளியைத் தவிர வேறு பள்ளிக்கூடம் போகாதவர். அவர் எழுதுவது அறபுத்தமிழ் ஒன்றுதான். தமிழைத்தான் எழுதுவார், ஆனால் அறபு எழுத்தில், வலமிருந்து இடமாக. கப்பலிலிருந்து அவர் போட்ட கடிதங்களை, இது ஏதோ ரகசியக் குறியீடு என்று நினைத்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி இரண்டு மாதம் பிடித்து வைத்ததும் உண்டு. புஹாரியோ இங்கிலீசில் கையெழுத்துப் போடுகிறவர்.

"இன்னும் இருக்கு" என்றாள் டீச்சர். சொல்ல வேண்டுமா என்று தயங்கினாள்.

"சொல்லுங்க டீச்சர்."

"கந்தோருக்கு முன்னாலதான் பஸ் நிக்கிற இடம். காச எடுத்துக்கிட்டு அதுல போயி நின்னாராம். மாத்தளை பஸ் வந்துச்சாம். ஏறலியாம். ஒரு மணி நேரம் கழிச்சு அடுத்த பஸ்ஸும் வந்துச்சாம். ஒரு கால மிதிபலகையில வச்சாராம். பெறகு எறங்கிட்டாராம். கண்டிக் கோச்சி வர்ற நேரம் ஸ்டேஷன் பக்கமா நடந்து போனதை மாஸ்டர் பார்த்திருக்காரு."

வராமலே இருந்திருந்தால் வெறுத்துவிடலாம். வந்திருந்தால் சண்டை பிடிக்கலாம். மிதிபலகையில் ஒரு காலை வைத்துவிட்டு இறங்கிப் போன மனிதரை என்ன செய்வது? மஸீனாவுக்கு அழுகைகூட வரவில்லை.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. றஸ்மியா உள்ளே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"மஸீனா, நான் ஒன்ட எதிரி இல்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது. "நாலு வருஷம் அந்த மனுஷன் உன்னைப் பத்தி நெனைக்கல்ல. நாலு கட்டையில வந்து நிண்டும் ஒரு வார்த்தை கேக்கல்ல. வேணாம் எண்டு போனவருதானே? வெளியில எழுபது பேர் வந்து குந்தியிருக்காங்க. நல்ல மனுஷன் ஒருத்தர் வந்திருக்காரு. ஒரே ஒரு வார்த்தை. ஓ எண்டு சொல்லு. மத்ததை அல்லாஹ் மன்னிப்பான்."

"ஒரு வார்த்தைதான் மதினி" என்றாள் மஸீனா. "அதுதான் பெரிய பாரம்."

றஸ்மியாவுக்கு அந்தப் பாரம் தெரியாது. அவள் கன்னிப் பெண்ணாக நிக்காஹ் ஆனவள். கன்னிப் பெண்ணிடம் சம்மதம் கேட்டு வரும்போது அவள் வாய் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டாலே போதும், அதுவே சம்மதம். ஒரு தடவை வாழ்ந்தவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவள் தன் வாயால், சாட்சிகள் இருவரின் காதிலும் விழும்படி சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நிக்காஹ் இல்லை. வெட்கம் என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

பள்ளியில் அஸருக்கு பாங்கு சொன்னார்கள். தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பிவரும் செருப்புச் சத்தம் முற்றத்தில் கேட்டது. விவாகப் பதிவுகார லெப்பை ஹாலில் பெரிய புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். எதிரே லாபிர் வெள்ளை உடுப்போடு உட்கார்ந்திருந்தார். சந்தனமும் சாம்பிராணியும் கலந்த புகை பின்னறைக்குள்ளும் வந்தது.

மஸீனா சாறியைக் கட்டிக்கொண்டாள். டீச்சர் முந்தானைக்கு ஊசி குத்திவிட்டாள். "என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள்.  மஸீனாவுக்கே தெரியாது. தெரியும் என்று நான் எழுதினால் அது பொய். கட்டிலில் உட்கார்ந்து முக்காட்டை இழுத்து விட்டபோதும், ஓ என்ற சொல் அவளுடைய நாக்கின் நுனியில்தான் இருந்தது. லாபிரின் வீட்டு ஜன்னலை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

திரைச் சீலை அசைந்தது. மறுபக்கத்தில் புஹாரியும் இரண்டு சாட்சிகளும் வந்து நின்றார்கள். ஒருவர் பள்ளி மரைக்கார், வயதானவர். மற்றவர் லாபிரின் தமையன்.

"தங்கச்சி மஸீனா" என்றார் புஹாரி.  "யட்டவத்த லாபிருக்கு உன்னை நிக்காஹ் செஞ்சு குடுக்க எனக்குச் சம்மதம் தாறியா?"



"ரெண்டாம் தடவையா கேக்கிறேன். சம்மதமா?"

மரைக்கார் மெதுவாக இருமினார். "வாயால சொல்லணும் மக. நாங்க கேக்கணும்."

மஸீனா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள். வாயைத் திறந்தபோது எந்தச் சொல் வரப்போகிறது என்று பயந்தாள். வந்த குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாக இருந்தது. ஹால்வரைக்கும் கேட்டது.

"என்ட புருஷன் உயிரோட இருக்காரு. பத்து நாளைக்கு முன்ன உக்குவளைத் தபால் கந்தோர்ல அவரே கையெழுத்துப் போட்டு அவர்ட கப்பல் காசை எடுத்திருக்காரு. அரசாங்கக் கடிதம் கையில இருக்கு. நான் இன்னும் அவர்ட பொஞ்சாதி. எனக்கு ஓ எண்டு சொல்ல ஏலா."

 வீட்டில் இருந்த எழுபது பேரும் ஒரேயடியாகப் பேசத் தொடங்கினார்கள். அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் எழுந்தது. அது லாபிரின் குரல். சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவர் அன்றுதான் சத்தம் போட்டார்.

"அவங்களை ஆரும் ஏசக் கூடா. உள்ளதைச் சொல்லியிருக்காங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மஸீனாவுக்கு, டீச்சர் திரும்பி வந்ததிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த அழுகை உடைந்தது. தான் எதை இழந்தாள் என்று அப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது.

புஹாரி திரையை விலக்கினார். முகம் கறுத்திருந்தது.

"பைத்தியமா உனக்கு? பகல் சொன்னேனே! அது நான் போட்ட கையெழுத்து. நான்தான் எடுத்தேன். மரைக்கார், நீங்களும் கேட்டுக்கோங்க. குத்தம் என்ட தலையில, பொலிசுக்கு வேணுமெண்டாலும் போறேன். நிக்காஹ் நடக்கட்டும்."

"பொய்க் கையெழுத்தா? நீயா?" மரைக்கார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மாத்தளையில் அவரை அறிந்த யாரும் அதை நம்பமாட்டார்கள்.

மஸீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பகல் முழுக்க நெஞ்சில் நின்ற முள் எதுவென்று, அண்ணன் முகத்தை நேருக்கு நேர் பார்த்த அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நானா, பகல் உங்களுட்ட வந்து, மௌத்தானவர் வந்து காசு எடுத்திருக்காரு எண்டு சொன்னேன். டீச்சர் அதை நம்பாம உக்குவளைக்கே போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. ரோட்டுல போறவங்களுட்ட சொன்னாலும் மொதல்ல அதைத்தான் கேப்பாங்க. அவர் உயிரோடயா இருக்காரு எண்டு நீங்க கேக்கவே இல்லையே நானா?"

புஹாரி திரைச் சீலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.  சாட்சிகள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாபிரும் பாயிலிருந்து எழுந்து வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றார்.

"அவன் இந்தப் பக்கம் வரமாட்டேன் எண்டு குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் பண்ணினவன்" என்றார் புஹாரி.